ஜான்சன் பெருந்தகையும் ஈன்றோர் சொல்லும்

சத்தியவேதத்துள் ஞான நூல்கள் எனப் பெயர் பெற்றவற்றுள் நீதிமொழிகள் ஆகமம் சிறந்ததொன்று. தந்தையொருவன் தன் மகனை அருகழைத்து அமர்த்தி அறிவு கொளுத்தும் முறையில் அது அமைந்துள்ளது. பெற்றோர் கற்பித்த நெறியை இளைஞன் தனக்கு அணிகலமாகக் கொள்ளல் வேண்டும் என்றும், அந்நெறி அவன் நடக்கும்போது வழிகாட்டியாகவும் உறங்கும்போது காவலாகவும் நிற்கும் என்றும் அந்நூல் வற்புறுத்துகின்றது. தாய் முதுமை எய்திய காலத்து அவளை எளிதாக எண்ணலாகாது என்று ஓரிடத்தில் தனித்தெடுத்து எச்சரிக்கின்றது. சீனாய் மலையில் மோசே பெற்ற கட்டளைகள் பத்தனுள், மக்கள் மக்களுக்குச் செய்ய வேண்டும் கடமைகளைக் கூறுவனவற்றுள் முதற்கண் நிற்பதும் தாய் தந்தையரைக் கனம்பண்ணும் கட்டளையே. பவுல் அப்போஸ்தலரும் எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் இக்கட்டளையையே வாக்குத்தத்தத்தோடு கூடியதெனச் சிறப்பித்தார்.

இவ்வறம் யாவரும் அறிந்ததே. ஆயினும் அறிதல் வேறு. அதன்படி நிற்றல் வேறு. பெற்றோர் சொல்லினின்றும் அணுவளவும் வழுவாது ஒழுகிய உத்தமர் சரிதங்கள் பல உள. அவற்றைப் படிக்கும் இளைஞர், இவர்கள் நம்மினும் வேறான பிறவிகள் என்று எண்ணி நூலை மூடிவிடுதலும் உண்டு. ஈண்டு எடுத்துக்கொண்ட சரிதம் அத்தகையதன்று. இளமையில் தந்தை சொல்லைத் தட்டி, அப்பிழையை ஏறக்குறைய ஐம்பது ஆண்டு நெஞ்சில் சுமந்து, முதுமையில் அதற்குக் கழுவாய் தேடிய ஒரு பேரறிஞர் வரலாறு இது. அவர்தாம் ஆங்கில அகராதி இயற்றிப் புகழ் பெற்ற சாமுவேல் ஜான்சன்.

பிறப்பும் பெற்றோரும்

இங்கிலாந்து தேசத்தின் நடுப்பகுதியில் ஸ்டாபர்டு ஜில்லாவில் லிச்பீல்டு என்னும் சிறு நகரம் உளது. ஆங்குச் சந்தை வெளியை நோக்கி நின்றதொரு வீட்டில் 1709ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 18ஆம் நாள் ஜான்சன் பிறந்தார். தந்தை மைக்கேல் ஜான்சன் புத்தக வியாபாரி. தாய் சாரா அம்மையார். மகப்பேறு எய்தியபோது தந்தைக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது, தாய்க்கு நாற்பது. எனவே நெடுநாள் காத்திருந்து பெற்ற பிள்ளை என்னலாம். மூன்று ஆண்டு கழித்து நத்தானியேல் என்னும் தம்பி பிறந்தான்.

மைக்கேல் ஜான்சன் உடல் வலிமையும் நேர்மையும் வாய்ந்தவர், நூலறிவும் உடையவர். மகன் பிறந்த ஆண்டில் அந்நகரின் ஷெரீப் என்னும் கௌரவ பதவியிலும் இருந்தார். எனினும் வாணிபத்தில் அவருக்கு ஆக்கம் இல்லை. புத்தகம் விற்பதோடு நில்லாது, தோலைப் பதம் செய்து எழுதுதற்கேற்ற தாளாக்கும் தொழிற்சாலை ஒன்றும் நடத்தினார். அதனால் கடன் மிகுந்ததன்றி இலாபம் வரவில்லை. அத்தொழிற்சாலையின் பின்புறச் சுவர் இடிந்து கிடந்த நாளிலும் அவர் ஒவ்வோர் இரவும் முன்வாயிற் கதவைத் தவறாது பூட்டி வந்தாராம். நேர்மைக்கும் கணக்குத் திறமைக்கும் உள்ள தூரத்தை இச்செய்தி ஒன்றே காட்டும். மனச்சோர்வு என்னும் நோயும் அவரைப் பற்றியிருந்தது; அந்நோயே தந்தை வழித் தமக்கு வந்த ஆஸ்தி என்று ஜான்சன் பிற்காலத்தில் நண்பரிடம் கூறுவதுண்டு.

குழந்தை பிறந்தபோதே நலிவுற்றுப் பிறந்தது. கழுத்தில் கண்டமாலை என்னும் நோய் தோன்றிக் கண்பார்வையையும் செவிப்புலனையும் கெடுத்து, முகத்தில் ஆறாத வடுவும் இட்டது. அரசர் கை பட்டால் இந்நோய் தீரும் என்பது அக்காலத்து மக்கள் நம்பிக்கை. ஆதலின் 1712இல் சாரா அம்மையார் இரண்டரை வயதுப் பிள்ளையை எடுத்துக்கொண்டு கடினமான வண்டிப் பயணம் செய்து இலண்டன் சேர்ந்து, ஆன் அரசியாரின் திருக்கை படச் செய்தார். வழியில் கள்வருக்கு அஞ்சித் தம் ஆடையின் உட்புறத்தே இரண்டு கினி நாணயங்களை வைத்துத் தைத்துக்கொண்டாராம். இலண்டனில் பிள்ளைக்கென ஒரு சிறு வெள்ளிக் கிண்ணமும் கரண்டியும் வாங்கினார். தம் பெயருக்கும் மகன் பெயருக்கும் முதலெழுத்து ஒன்றாதலின், தாம் இறந்த பின் அவை தம்முடையனவென்று கருதப்பட்டுப் பிள்ளைக்கு இல்லாது போகாவண்ணம், அவன் பெயரின் முதற்பகுதியையே தெளிவாகப் பொறிப்பித்தார். நோய் தீரவில்லை. அக்கிண்ணமும் பின்னாளில் வறுமை நேர்ந்தபோது விலைப்பட்டது. கரண்டியை மட்டும் ஜான்சன் காத்து வைத்திருந்து, தம் இளமை வரலாற்றை எழுதியபோது அதனை நினைந்து குறித்தார்.

தாய் விதைத்த வித்து

சாரா அம்மையார் நூல் பல கற்றவர் அல்லர். ஆனால் கடவுட்பற்று மிக்கவர். ஒரு நாட் காலை, மகன் பேசத் தேர்ந்த பருவத்திலே, அவனைப் படுக்கையில் தம் பக்கத்தே கிடத்திக்கொண்டு, நல்லார் சேரும் இன்ப உலகம் ஒன்றும் தீயார் சேரும் துன்ப உலகம் ஒன்றும் உண்டு என்று எளிய சொல்லால் எடுத்துரைத்தார். உரைத்ததனோடு அமையாது, அவ்வுபதேசம் அவன் மனத்தில் பதியும் பொருட்டு, வீட்டு வேலையாளாகிய தாமஸ் ஜாக்சனிடம் சென்று அதனைத் திருப்பிச் சொல்லுமாறு அனுப்பினார். கேட்டதைப் பிறர்க்குச் சொல்வித்தலே மறவாமைக்கு வழி என்பதை எந்தப் போதனாமுறைக் கலாசாலையிலும் அவர் கற்றாரில்லை. தாயுள்ளமே அதனைக் கற்பித்தது.

மற்றொரு நாள் பொதுப் பிரார்த்தனைப் புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து, அந்நாளுக்குரிய சிறு ஜெபத்தை நெட்டுருச் செய்யுமாறு பணித்துவிட்டு மாடிப்படி ஏறினார். இரண்டாம் தளத்தை அடைவதன் முன்னரே பிள்ளை பின்னே ஓடிவந்து அதனைப் பிழையறச் சொல்லி நின்றான். அவன் அதனை இருமுறைக்கு மேல் படித்திருக்க இடமில்லை.

ஆயினும் வித்தெல்லாம் உடனே முளைத்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தாய் ஒரு பெரிய அறநூலைக் கொடுத்துப் படிக்கச் செய்தார். பிள்ளைக்கு அது சுமையாய்த் தோன்றிற்று. படித்ததில் பெரும்பகுதி அவன் மனத்தில் ஒட்டவில்லை. வயது பத்தினை அணுகியபோது வழிபாட்டில் அவனுக்கு ஊக்கம் குறைந்தது. கோயிலுக்குச் செல்ல வேண்டிய நேரத்தில் வயல்வெளியில் புத்தகத்தோடு திரிந்தான். நாவடக்கமும் இல்லை. ஒருமுறை தாய் சினந்து அவனை நாய்க்குட்டி என்று வைய, நாய்க்குட்டியின் தாயை உலகம் என்ன பெயரிட்டு அழைக்கும் என்று திருப்பிக் கேட்டானாம். இதனைச் சொல்லி நகைப்பார் பலர். இத்தகைய துடுக்குச் சொற்களே பின்னாளில் மனச்சான்றின் முன் சாட்சிகளாக வந்து நிற்கும் என்பதை நகைப்போர் நினைப்பதில்லை.

கல்வியும் செருக்கும்

லிச்பீல்டு இலக்கணப் பள்ளியில் ஜான்சன் இலத்தீன் கற்றார். ஹண்டர் என்னும் தலைமையாசிரியர் பிரம்புக்குப் பெயர் போனவர். வீட்டிலோ தந்தையின் கடையே நூல்நிலையமாக இருந்தது. தம்பி ஆப்பிள் கனிகளை உயர்ந்த தட்டிலிருந்த பெரும் புத்தகத்தின் பின் ஒளித்திருப்பான் என்று ஐயுற்று ஒருநாள் ஏறித் தேடியபோது, கனி கிடைக்கவில்லை. இத்தாலியப் புலவர் பெட்ரார்க்கின் நூல் கிடைத்தது. பசியை மறந்து அதனைப் படிக்கத் தொடங்கினார். இங்ஙனம் தந்தை விற்கக் கொணர்ந்த நூல்களே மகனைப் புலவனாக்கின. அவ்வறிவுச் செல்வத்தின் வேர் தந்தையின் கடையிலே ஊன்றியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. மகன் ஒருகால் மறந்தார்.

1728ஆம் ஆண்டு அக்டோபரில் ஆக்ஸ்பர்டு பல்கலைக்கழகத்துப் பெம்புரோக்குக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே வறுமை அவரைப் பின்தொடர்ந்தது. கிழிந்த காலணியினின்றும் விரல்கள் வெளித் தோன்றுதலைக் கண்டு இரங்கிய ஒருவர், புதிய காலணி ஒன்றை அவர் அறை வாயிலில் வைத்துச் சென்றார். ஜான்சன் அதனைச் சினத்தோடு தூர எறிந்தார். மானம் என்று இதனைப் புகழலாம். ஆனால் மானத்துக்கும் செருக்குக்கும் இடையே உள்ள வேலி மிகத் தாழ்ந்தது. அந்த வேலியை அவர் விரைவில் தாண்டினார்.

கல்லூரியில் இருந்த காலத்தில் வில்லியம் லா என்பவர் பக்தி வாழ்வைப் பற்றி எழுதிய நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. எள்ளி நகையாடுதற்கு ஏற்றது என்று எண்ணி விரித்தவர், அந்நூல் தம்மினும் வலியது எனக் கண்டார். தாய் படுக்கையில் கூறிய மறுமை உபதேசம் அன்று முதல் அவருள் மீண்டும் உயிர்த்தெழுந்தது. ஆனால் அறிவு ஒப்புக்கொண்டதனை நெஞ்சு பணிவோடு ஏற்க இன்னும் பல்லாண்டு வேண்டியிருந்தது.

பணம் கட்ட வழியின்மையால் பதின்மூன்று மாதங்களுக்குப் பின், 1729 டிசம்பரில், பட்டம் பெறாமலே வீடு திரும்பினார். தந்தையின் வியாபாரம் நொடித்துக் கிடந்தது. கற்ற கல்விக்கு வேலை இல்லை. கடையில் இருந்து விற்க மனமும் இல்லை. மனச்சோர்வு மிகுந்தது. இன்றும் படிப்பு முடித்தோ முடியாமலோ வீடு திரும்பிக் காலங்கழிக்கும் இளைஞர் பலருக்கு இந்நிலை புதியதன்று.

யுட்டாக்சிட்டர்ச் சந்தை

மைக்கேல் ஜான்சன் தம் கடையில் விற்றதோடு அமையாது, பர்மிங்காம் முதலிய ஊர்களுக்கும் சந்தை நாட்களில் புத்தக மூட்டையோடு சென்று கடை விரிப்பார். அங்ஙனம் அவர் சென்ற ஊர்களுள் ஒன்று லிச்பீல்டுக்கு ஏறக்குறைய 18 மைல் தொலைவிலுள்ள யுட்டாக்சிட்டர். ஒருமுறை அச்சந்தைக்குத் தம்முடன் வந்து உதவுமாறு மகனிடம் கேட்டார். இது ஜான்சன் ஆக்ஸ்பர்டிலிருந்து திரும்பியிருந்த நாட்களில் நிகழ்ந்ததென வரலாற்றாசிரியர் கருதுவர். தந்தைக்கு அப்போது வயது எழுபதைக் கடந்திருந்தது.

மகன் மறுத்தார். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டபடி, செருக்கு ஒன்றே காரணம். ஆக்ஸ்பர்டில் இலத்தீன் கவி பாடிய நா, சந்தைக் கூச்சலில் விலை கூறுவதோ என்னும் எண்ணம். முதியவர் வேறொன்றும் வற்புறுத்தினார் என்று நமக்குச் செய்தி இல்லை. அவர் தம் கடையைத் தாமே விரித்தார், தாமே கட்டினார். உலகத்தார் பார்வையில் இதனினும் சிறிய குற்றம் ஒன்று இருத்தல் அரிது. கொலையன்று, களவன்று, பொய்யுமன்று. வர முடியாது என்ற ஒரு சொல்.

1731ஆம் ஆண்டு டிசம்பரில் மைக்கேல் ஜான்சன் இறந்தார். மகனுக்குக் கிடைத்த பங்கு இருபது பவுன் அளவே. ஆனால் பணத்தோடு வேறொரு கணக்கும் அவர் தலைமேல் நின்றது. அதனை வாங்கிக்கொள்ளத் தந்தை இல்லை.

இலண்டன் வாழ்வு

பின் நிகழ்ந்தனவற்றை விரைந்து கூறுவோம். ஜான்சன் சில காலம் உபாத்தியாயராக இருந்தார். 1735இல் தம்மினும் இருபது வயது மூத்த எலிசபெத்து போர்ட்டர் என்னும் விதவையை மணந்தார். எடியல் என்னும் சிற்றூரில் பள்ளி தொடங்கினார். வந்த மாணவர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் பின்னர் நாடகக் கலையில் நிகரற்று விளங்கிய டேவிட் காரிக். பள்ளி நடவாது போகவே, 1737 மார்ச்சு மாதத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே இலண்டன் நோக்கிப் புறப்பட்டனர். அந்த மாதத்திலேயே தம்பி நத்தானியேல் இறந்தான். முதிய தாய் லிச்பீல்டில் கடையைத் தாமே நடத்தும்படி ஆயிற்று.

இலண்டனில் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். உண்ண உணவும் உறங்க இடமும் இன்றித் தெருக்களில் இரவெல்லாம் நடந்த நாட்களும் உண்டு. 1746இல் புத்தக வெளியீட்டாளர் சிலர் ஆங்கில மொழிக்கு அகராதி ஒன்று செய்யுமாறு 1,575 பவுனுக்கு உடன்படிக்கை செய்துகொண்டனர். படியெழுதுவோர் அறுவரை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒன்பது ஆண்டு உழைத்து, நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களுக்குப் பொருளும் மேற்கோளும் தந்து, 1755 ஏப்ரலில் அவ்வரும்பெரும் நூலை வெளியிட்டார். இடையில், 1752இல் மனைவியார் இறந்தார். பட்டமின்றி வெளியேறியவருக்கு ஆக்ஸ்பர்டு பல்கலைக்கழகம் அகராதி வெளிவரும் ஆண்டிலேயே பட்டம் அளித்தது.

தாயைக் காணாத இருபது ஆண்டு

புகழின் நடுவிலும் ஒரு குறை வளர்ந்துகொண்டே வந்தது. 1740ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லிச்பீல்டில் இருந்தபோது, குடும்ப வீட்டின்மீது தாயும் மகனும் சேர்ந்து 80 பவுன் கடன் வாங்கினர். பின்பு அக்கடனுக்குரிய வட்டியைத் தம் சொந்தக் கடனாகவே கொள்வதாகக் கடன் கொடுத்தவருக்கு ஜான்சன் எழுதினார். தாய்க்குத் தம்மால் இயன்ற பணமும் அனுப்பி வந்தார். ஆனால் தாம் போகவில்லை. இன்று போவோம், வேனிலில் போவோம், அகராதி முடிந்த பின் போவோம் என்று நாள் கடந்தது. இலண்டனுக்கும் லிச்பீல்டுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 120 மைல். அதனைக் கடக்க இருபது ஆண்டு போதவில்லை.

1759 ஜனவரியில் தாய் கடும்பிணியுற்றார் என்ற செய்தி வந்தது. அவருக்கு வயது 89. ஜான்சன் கையிலிருந்த பணத்தோடு கடன் வாங்கியதும் சேர்த்துப் பன்னிரண்டு கினி அனுப்பினார். நாள் விட்டு நாள் கடிதம் எழுதினார். தாம் செய்த பிழைகளையும் செய்யாது விட்ட நன்மைகளையும் பொறுத்தருளுமாறு வேண்டினார். தமக்காகப் பிரார்த்திக்குமாறு இரந்தார். ஐரோப்பாவெங்கும் பெயர் பரவிய ஐம்பது வயதினர், சிறு பிள்ளைபோல் தாயின் ஆசியை நாடினார். புறப்பட்டுச் செல்லவும் எண்ணினார். அதற்குள் தாய் கண்மூடினார். அடக்கத்தின்போதும் மகன் அருகில் இல்லை.

அடக்கம் நிகழ்ந்த நாளில் ஜான்சன் இலண்டனில் தனியிருந்து ஒரு ஜெபம் எழுதினார். தாய்க்கு அன்பின்றிச் செய்தவற்றையும், அன்போடு செய்ய வேண்டியிருந்தும் விட்டவற்றையும் மன்னிக்குமாறு கடவுளை வேண்டினார். தாயின் நற்போதனைகளையும் நல்லொழுக்கத்தையும் நினைவில் நிறுத்தி, வேத வசனத்தின்படி தம் வாழ்வைத் திருத்தத் துணைசெய்யுமாறு மன்றாடினார். படுக்கையிலே தொடங்கிய உபதேசம் முற்றும் பலித்தது இந்த ஜெபத்திலேதான். தாயின் சொல்லும் வேதத்தின் சொல்லும் ஒன்றே என்பதை அவர் அன்று உணர்ந்தார். உணர்ந்தபோது சொன்னவர் இல்லை.

தாயின் அடக்கச் செலவுக்கும் அவர் வைத்துச் சென்ற சிறு கடன்களுக்குமாக, ஒரே வாரத்து மாலை வேளைகளில் ராசலஸ் என்னும் கதையை எழுதி 100 பவுனுக்கு விற்றார். அபிசீனிய நாட்டு இளவரசன் ஒருவன் இன்பம் எங்குள்ளது என்று உலகெங்கும் தேடித் திரியும் கதை அது. இளவரசனின் தங்கை இல்லங்கள்தோறும் புகுந்து ஆராயும்போது, பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே வளரும் மனவேறுபாட்டைக் கண்டு வருந்துகிறாள். அப்பகுதியைப் படிப்போர், எழுதிய கை எத்தகைய வாரத்தில் எழுதியது என்பதை நினைவு கூர்தல் தகும்.

முதுமையும் கழுவாயும்

1762இல் அரசாங்கம் ஆண்டொன்றுக்கு 300 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. வறுமை நீங்கிற்று. ஜான்சன் வீட்டில் கண்ணிழந்த அன்னா வில்லியம்ஸ் அம்மையார், ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்த லெவெட் முதலியோர் உறைந்தனர். ஜமெய்க்காத் தீவில் அடிமையாகப் பிறந்த பிரான்சிஸ் பார்பரைப் பள்ளிக்கு அனுப்பிக் கற்பித்து, இறுதியில் தம் உடைமைக்கும் பெரும்பாலும் அவரையே உரியவராக்கினார். தாயிடம் நெடுங்காலம் பணிசெய்த காதரின் சேம்பர்ஸ் 1767இல் லிச்பீல்டில் மரணப் படுக்கையில் கிடந்தபோது, ஜான்சன் அவ்வம்மையின் பக்கத்தில் முழங்காற்படியிட்டுக் கண்ணீரோடு ஜெபித்து விடைபெற்றார். தாய்க்குச் செய்யத் தவறியதைத் தாயின் பணிப்பெண்ணுக்குச் செய்தார் எனலாம்.

தந்தையோடு மனவேற்றுமை கொண்டிருந்த இளைஞர் ஜேம்ஸ் பாஸ்வெல் 1763இல் அவருக்கு நண்பரானார். தந்தையின் மனம் மகிழ நடந்துகொள்ளுமாறு ஜான்சன் அவருக்குப் பல்கால் அறிவுறுத்தினார். அந்த அறிவுரை எவ்வனுபவத்தினின்றும் பிறந்ததென்பது வெளிப்படை.

இனி, இச்சரிதத்தின் சிகரத்துக்கு வருவோம். தந்தை இறந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டு சென்றது. ஜான்சன் எழுபதைக் கடந்த முதியவர், நோயாளர். ஒருநாள் அவர் யுட்டாக்சிட்டருக்குச் சென்றார். வானம் மிகக் கெட்டிருந்தது, மழை பெய்துகொண்டிருந்தது. முன்னாளில் தந்தையின் கடை நின்ற இடத்தைக் கண்டு, தலையணியைக் கழற்றி, வெறுந்தலையோடு மழையில் நெடுநேரம் அசையாது நின்றார். பின்னர் ஒன்றும் பேசாது திரும்பினார். தாம் இறக்கும் ஆண்டாகிய 1784இல் லிச்பீல்டில் இளங்குரு ஒருவரிடம் இதனை அவரே எடுத்துரைத்தார். பொதுவாகத் தாம் பெற்றோருக்குக் கீழ்ப்படியாத மகன் அல்லர் என்றும், இந்த ஒரு பிழை மட்டும் நெஞ்சை வருத்தியது என்றும், மனம் நைந்து நின்ற அந்நிலை கடவுளால் ஏற்கப்பட்டிருக்கும் என்று நம்புவதாகவும் கூறினார்.

இறுதி மாதத்திலும் அவருக்குப் பெற்றோர் நினைவே முன்னின்றது. 1784 டிசம்பர்த் தொடக்கத்தில், தாய் தந்தையரும் தம்பியும் துயிலும் லிச்பீல்டு புனித மைக்கேல் ஆலயத்தில் பதித்தற்கென இலத்தீனில் கல்வெட்டு வாசகம் எழுதி அனுப்பி, உறுதியான பெருங்கல்லில் விரைவாகப் பொறிக்குமாறு கேட்டுக்கொண்டார். அம்மாதம் 13ஆம் நாள் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவரை அடக்கம் செய்தனர். 1838இல் லிச்பீல்டுச் சந்தை வெளியில் நிறுவிய அவர் உருவச்சிலையின் பீடத்தில், யுட்டாக்சிட்டரில் மழையில் நின்ற காட்சியும் செதுக்கப்பட்டுள்ளது. அமெரிக்க நாட்டுக் கதாசிரியர் ஹாதார்ன் அவ்விடத்தைக் காண்பதற்கென்றே யுட்டாக்சிட்டருக்குச் சென்றார். அகராதி செய்த பெருமைக்குச் சிலை வைத்தனர்; ஆனால் மக்கள் நெஞ்சை உருக்கி நிற்பது வெறுந்தலையோடு நின்ற அம்முதியவரின் உருவமே.

நாம் கொள்ளத்தக்கன

இவ்வரலாற்றினின்றும் மாணாக்கராகிய நாம் கொள்ள வேண்டுவன சில உள. கல்வி நம்மைப் பெற்றோரினும் மேலோராகச் செய்வதில்லை என்பது முதலாவது. ஏர் பிடித்த கையும் தராசு பிடித்த கையும் கூலிக்கு உழைத்த கையுமே பலருக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகின்றன. அக்கைகளைத் தோழர் முன்னிலையில் காட்ட நாணுதல், தான் ஏறி வந்த ஏணியைக் கண்டு நாணுதலை ஒக்கும். ஜான்சனின் தந்தை செல்வரல்லர், வாணிபத்திலும் தோற்றவர். ஆனால் அவர் சுமந்த மூட்டையிலிருந்த நூல்களே மகனைப் பெரியவனாக்கின.

பணம் அனுப்புதல் மட்டும் கனம்பண்ணுதல் ஆகாது என்பது இரண்டாவது. ஜான்சன் வட்டியைத் தாங்கினார், பொருளும் அனுப்பினார். ஆயினும் இருபது ஆண்டு முகங்காட்டவில்லை. தொலைநகரங்களில் பணியேற்றிருக்கும் பழைய மாணவர் இதனைச் சற்றே சிந்திப்பாராக. முதியோர் வேண்டுவது பெரும்பாலும் நம் பொருளன்று. நம் காலடி ஓசையே.

கீழ்ப்படிதல் என்பது கண்மூடித்தனம் அன்று என்பது மூன்றாவது. பெற்றோர் தம் அதிகாரத்தைக் கொடுமையாகச் செலுத்துதலைக் கண்டித்து ஜான்சனே தம் ராம்ப்ளர் என்னும் தொடர்க் கட்டுரைகளுள் ஒன்றில் எழுதினார். பவுல் அப்போஸ்தலரும் பிள்ளைகளுக்குக் கட்டளை கூறிய அவ்விடத்திலேயே, பிள்ளைகளைக் கோபமூட்டாதிருக்குமாறு தந்தையரையும் எச்சரித்தார். மைக்கேல் ஜான்சன் மகனிடம் கேட்டது அநீதியன்று, ஒருநாள் உதவியே. மறுத்தது மனச்சான்று அன்று; செருக்கு. நாம் பெற்றோருக்கு மறுமொழி கூறும்போது, நம்முள் பேசுவது இவ்விரண்டனுள் எது என்று ஆராய்ந்து கொள்ளுதலே ஞானம்.

கடவுள் மனம் நொந்தவரைத் தள்ளார் என்பது நம் விசுவாசம். ஆதலின் ஜான்சன் நின்ற அம்மழை வீணாகவில்லை என்று நாம் துணிந்து கூறலாம். எனினும் அவர் நின்றபோது அங்கே கடை இல்லை. கடையில் தந்தையும் இல்லை. நமக்கோ பலருக்கும் அவ்வாறன்று. தந்தையின் கடை இன்னும் திறந்திருக்கிறது. தாயின் குரல் இன்னும் கேட்கிறது. விடுமுறைக்கு வீடு செல்லும் மாணாக்கர், மழையில் நிற்க வேண்டிய நாள் வராவண்ணம், கடையில் நிற்க வேண்டிய நாளில் நிற்பாராக.